தூசியும் பனியும் கட்டிய மலை

பனித்துகள் ஒன்று பிறக்க வேண்டுமானால் பெரும்பாலும் அதன் நடுவே ஒரு தூசி இருந்தாக வேண்டும். காற்றில் கலந்திருக்கும் நீராவி, தொட்டுக்கொள்ள ஒரு பிடிமானம் கிடைக்கும்வரை, உறைநிலைக்குக் கீழே வெகுவாகக் குளிர்ந்த பிறகும் உறையாமல் அலைந்துகொண்டே இருக்கும். கடலிலிருந்து கிளம்பிய உப்புப்பொடி, புகையின் கரி, காய்ந்த வரப்பிலிருந்து எழும்பிய மண் என்று ஏதோ ஒரு துகள் எதிர்ப்படும்போதுதான் அது திரண்டு உருக்கொள்கிறது. நம் தலைக்கு மேலே போகும் மேகங்களுக்கும் இதே விதிதான். நாம் துடைத்து வெளியே தள்ளுகிற பொருளை மழைக்கும் பனிக்கும் கருவாகத் தேர்ந்துகொண்டிருக்கிறது படைப்பு.

அந்த விதி பூமியோடு முடிந்துவிடவில்லை. செவ்வாயின் வடதுருவத்தில் தூசியும் பனியும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு மலையை எழுப்பியிருக்கின்றன. அது எழும்பிய காலம் முழுவதும் அதைப் பார்க்க அங்கே ஒரு கண்கூட இல்லை. பிளானம் போரியம் என்று வானியலார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குறுக்களவு சுமார் 1,000 கிலோமீட்டர். விண்கலத்து ரேடார் அளந்த கணக்கில் அதன் அடுக்குப் பனியின் கன அளவு 8 லட்சம் கன கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிரீன்லாந்தை மூடியிருக்கும் பனியில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிற அளவு. அதில் 95 விழுக்காடு சுத்தமான நீர்ப்பனி. மீதிதான் தூசி. ஆனால் அந்த மீதி இல்லாவிட்டால் மலையின் கதை நமக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

இந்த மலைக்கு நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வியப்பு இன்னும் கூடும். செவ்வாயில் மழை இல்லை, ஆறு இல்லை, கடல் இல்லை. காற்றோ நம்முடையதில் நூறில் ஒரு பங்கு அழுத்தம்கூட இல்லாதது. அந்தக் காற்றிலுள்ள நீராவி முழுவதையும் பிழிந்து கோளின் மேல் பரப்பினால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உயரத்துக்குத்தான் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தைக் கொண்டு மூன்று கிலோமீட்டர் மலை! சிக்கனம் என்ற சொல்லை நாம் எத்தனையோ இடத்தில் பயன்படுத்துகிறோம். அது முழுப் பொருளோடு பொருந்துகிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பூமியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் வெள்ளைப் புள்ளி. நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1672இல் செவ்வாயின் தென்துருவத்தில் அப்படியொரு புள்ளியைக் கண்டு வரைந்துவைத்தார். வானியலாளர் மரால்டி 1719இல், அந்தத் தெற்குப் புள்ளி துருவத்துக்கு நேராக அமையாமல் சற்று விலகியிருக்கிறது என்பதைக்கூடக் கவனித்துவிட்டார். அன்றைய தொலைநோக்கியின் சிறுமையை நினைத்தால் இதுவே ஒரு தவம். பிறகு வில்லியம் ஹெர்ஷல் வந்தார். 1784இல் அவர் வெளியிட்ட ஒரே கட்டுரையில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, செவ்வாயின் அச்சு சுமார் 28 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கிறது. மற்றொன்று, துருவப் புள்ளிகள் பருவத்துக்கேற்ப வளர்ந்து தேய்வதால் அவை பனியாகத்தான் இருக்க வேண்டும். சாய்வை இன்று 25.2 பாகை என்று திருத்தியிருக்கிறோம். ஆனால் அச்சுச் சாய்வையும் துருவப் பனியையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தாரே, அவற்றுக்கிடையே பருவங்களையும் தாண்டிய ஓர் உறவு இருந்தது. அது தெரியவர இன்னும் இருநூறு ஆண்டு ஆயிற்று.

இடையில் ஒரு கனவும் வந்து போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் பெர்சிவல் லோவெல், துருவப் பனி வசந்தத்தில் உருகி வழிகிறது, அந்த நீரைச் செவ்வாய்வாசிகள் கால்வாய் வெட்டிக் கொண்டுபோகிறார்கள் என்று எழுதினார். அழகான கற்பனை. செவ்வாய்ப் பனிக்கு உருகி ஓடும் வழக்கமில்லை என்பது மட்டும்தான் குறை.

அங்கே பனியில் இரண்டு வகை உண்டு. ஒன்று நமக்குத் தெரிந்த நீர்ப்பனி. மற்றது கார்பன் டை ஆக்சைடு உறைந்த உலர்பனி. செவ்வாய்க் காற்றில் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடுதான். துருவத்தில் நீண்ட இரவு கவிந்து, வெப்பநிலை மைனஸ் 125 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது, காற்றே உறைந்து தரையில் படிகிறது; மேகமாகித் தூவுகிறது. ராபர்ட் லேட்டன், புரூஸ் மர்ரி என்ற இரு அறிஞர்கள் 1966இல் இதைக் கணக்குப் போட்டே சொன்னார்கள். பத்தாண்டு கழித்து வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கியபோது அவை கொண்டுபோன அழுத்தமானி அதை உறுதி செய்தது. துருவத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்ற அந்தக் கருவியில் காற்றழுத்தம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கியது. ஒவ்வோர் ஆண்டும் கோளின் காற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏதாவதொரு துருவத்தில் போய்ப் பனியாகப் படுத்துவிடுகிறது. வெயில் வந்ததும் எழுந்து வந்துவிடுகிறது. ஓர் உலகம் முழுவதும் மூச்சு விடுகிறது.

வெயில் வரும்போது அந்தப் பனி நீராகாது. டப்பாவைத் திறந்துவைத்தால் கற்பூரம் எப்படி ஈரமே காட்டாமல் தேய்ந்து காற்றோடு போகிறதோ, அப்படியே போய்விடும். பள்ளிப் பாடத்தில் பதங்கமாதல் என்று படித்தது இதுதான். நீர்ப்பனிக்கும் அங்கே பெரும்பாலும் இதே கதி, ஏனென்றால் காற்றின் அழுத்தம் நீரை நீராக இருக்கவிடாது. 2008 மே 25 அன்று வட அட்சம் 68 பாகையில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் தரையைச் சுரண்டியபோது பள்ளத்தில் சில வெள்ளைக் கட்டிகள் தென்பட்டன. நான்கு நாளில் அவை இருந்த இடம் தெரியவில்லை. உப்பாக இருந்தால் அப்படி மறையாது. அது நீர்ப்பனியேதான் என்று அந்த மறைவே சொல்லிவிட்டது.

இனி ஒரு தூசியின் பயணத்தைப் பார்க்கலாம். செவ்வாயின் சுற்றுப்பாதை நன்றாகவே நீண்ட வட்டம். சூரியனுக்கு மிக அருகில் வரும்போது தொலைவு சுமார் 20.7 கோடி கிலோமீட்டர். மிக விலகும்போது 24.9 கோடி. அருகே வரும் நாளில் கிடைக்கும் வெயில், விலகிய நாளைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல். இந்தக் காலத்தில் அந்த அண்மை நாள் தெற்குக் கோடையை ஒட்டி விழுகிறது. ஆகவே தெற்கே கோடை சுருக்கம், ஆனால் கடுமை. அந்தக் கடுமையில் தரை சூடேறிக் காற்று கிளம்பி, புழுதிப் புயல்கள் எழுகின்றன. சில ஆண்டுகளில் அவை ஒன்றோடொன்று கலந்து கோள் முழுவதையும் மூடிவிடும். 2001, 2007, 2018 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. காற்றில் மிதக்கும் தூசி இரண்டு மூன்று மைக்ரான் அளவு. தலைமயிரின் தடிமனில் இருபது முப்பதில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்மையானது கீழே இறங்க மாதக்கணக்காகும்.

தெற்கே கோடை என்றால் வடக்கே குளிர்காலம். காற்றில் தூசி மிகுந்திருக்கும் அதே நேரத்தில்தான் வடதுருவம் இருளில் உறைந்துகொண்டிருக்கிறது. வடக்கு நோக்கி வந்த தூசியின் மேல் முதலில் நீராவி பற்றிப் பனி பூசுகிறது. துருவ இருளில் அதன் மேல் கார்பன் டை ஆக்சைடும் உறைந்து ஒட்டுகிறது. இப்போது அந்தத் துகளுக்குக் கனம் வந்துவிட்டது. விழுகிறது. வைக்கிங் காலத்திலேயே ஜேம்ஸ் பொல்லாக்கும் அவருடைய தோழர்களும் எழுதிய விளக்கம் இது. வசந்தம் வந்ததும் உலர்பனிப் போர்வை காற்றாகிக் கிளம்பிவிடும். நீர்ப்பனியும் தூசியும் தரையிலேயே தங்கும். கோடையில் நீர்ப்பனியும் கொஞ்சம் போகும், கொஞ்சம் திரும்பும். எல்லா வரவுசெலவும் போக மிஞ்சுவது, நீண்டகாலச் சராசரியில், ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் போல.

அரை மில்லிமீட்டர். அதை வைத்து மூன்று கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், காலம் லட்சக்கணக்கில் விரியும். நாற்பது ஐம்பது லட்சம் ஆண்டுகளாக இந்த மலை வளர்ந்திருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு. படைத்தவனுக்கு அவசரம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது அதை நான் ஆறுதல் வார்த்தையாகத்தான் கேட்டிருக்கிறேன். இங்கே அது அளவெடுத்துச் சொன்ன செய்தியாக நிற்கிறது.

1971 நவம்பரில் மரினர் 9 செவ்வாயை அடைந்தது. வேறொரு கோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம் அது. போய்ச் சேர்ந்த நேரம், கோள் முழுவதும் புழுதி. படம் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு புழுதி அடங்கியபின் துருவச் சரிவுகளைப் படமெடுத்தபோது, பனி ஒரே பாளமாக இல்லாமல் வெளிர், கருமை, வெளிர், கருமை என்று அடுக்கடுக்காக இருப்பது தெரிந்தது. தூசி குறைந்த அடுக்கு வெளிர். தூசி மிகுந்தது கருமை. கலத்தைக் காக்கவைத்த அதே புழுதிதான் அந்தக் கரிய கோடுகளையும் வரைந்தது என்று அப்போது எத்தனை பேர் நினைத்தார்களோ!

ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி தூவினால் கோடு விழாது. ஏதோ ஒன்று மாறி மாறி நடந்திருக்க வேண்டும். அதற்கு விடை மறு ஆண்டே வந்தது. 1973இல் வில்லியம் வார்டு, செவ்வாயின் அச்சுச் சாய்வு காலப்போக்கில் பெரிய அளவில் ஏறி இறங்குகிறது என்று கணித்துக் காட்டினார்.

பூமியின் அச்சும் அசைவதுண்டு. ஆனால் 41,000 ஆண்டுச் சுழற்சியில் 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் நடுவே, அடக்கமாக. அந்தச் சின்ன அசைவே நம் பனியுகங்களின் வருகையில் பங்கு கொள்கிறது என்பதைக் கணக்கிட்டவர் செர்பியாவின் மிலுடின் மிலன்கோவிச். அவர் செவ்வாயின் தட்பவெப்பத்தையும் கணித்துப் பார்த்தவர். பூமியின் அடக்கத்துக்குக் காரணம் நம் நிலா. பெரிய துணைக்கோள் ஒன்று பக்கத்திலிருந்து தன் ஈர்ப்பால் நம் அச்சு தறிகெட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறது. செவ்வாய்க்கு வாய்த்தவை ஃபோபோஸ், டெய்மோஸ் என்ற இரண்டு பாறைத் துண்டுகள். அவற்றால் எதையும் பிடித்துவைக்க முடியாது. மற்றக் கோள்கள் இழுக்கும் இழுப்புக்கெல்லாம் செவ்வாய் ஆடுகிறது. கடந்த இருபது முப்பது லட்சம் ஆண்டுகளில் மட்டும் அதன் சாய்வு ஏறத்தாழ 15 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையே போய்வந்திருக்கிறது, சுமார் 1,20,000 ஆண்டுக்கு ஒரு முறை. 1993இல் பாரிஸில் ழாக் லஸ்காரின் குழுவும், அமெரிக்காவில் ஜிஹாத் தூமா, ஜாக் விஸ்டம் ஆகியோரும் தனித்தனியே கண்ட முடிவு இன்னும் திகைப்பூட்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் அந்த ஆட்டத்துக்கு ஒழுங்கே இல்லை. சாய்வு 60 பாகைவரைகூடப் போயிருக்கலாம்.

சாய்வு கூடினால் துருவம் கோடையில் சூரியனுக்கு முகம் காட்டும். துருவப் பனி காற்றேறிக் குளிர்ச்சியான வேறிடம் தேடிப் போகும். நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள மாபெரும் எரிமலைகளின் மேற்குச் சரிவுகளில் ஒரு காலத்தில் பனியாறுகள் இருந்த தடயம் இன்றும் கிடக்கிறது; சாய்வு மிகுந்திருந்த நாளில் துருவத்து நீர் போய்த் தங்கிய இடம் அது. சாய்வு குறைந்தால் நீர் மறுபடி துருவத்துக்குத் திரும்பும். இதோடு இன்னொரு சுழற்சியும் ஊடாடுகிறது. சூரியனுக்கு அருகில் வரும் நாள் எந்தப் பருவத்தில் விழுகிறது என்பது சுமார் 51,000 ஆண்டில் ஒரு சுற்று சுற்றி வரும். இன்று தெற்குக் கோடைக்குக் கிடைக்கும் கடுமை, இன்னும் இருபத்தைந்தாயிரம் ஆண்டு போனால் வடக்குக் கோடைக்குப் போய்விடும். தூசி எப்போது கிளம்பும், எங்கே விழும் என்பதெல்லாம் அதோடு மாறும். அடுக்குகளின் வெளிச்சத்தையும் இந்தச் சுழற்சிகளையும் ஒப்பிட்டு 2002இல் லஸ்கார் குழுவினர் எழுதிய கட்டுரையில்தான் அந்த அரை மில்லிமீட்டர்க் கணக்கு வந்தது. பின்னால் 2017இல் மலைச்சரிவின் மேடுபள்ளங்களை அளந்தவர்களும், அடுக்குகளின் தடிமனில் அந்த இரு சுழற்சிகளின் விகிதம் தென்படுவதாகச் சொன்னார்கள்.

பூமிக்கு நிலா வாய்த்ததை அருள் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் நிலா வாய்க்காத கோளுக்கும் ஏதோ ஒன்று தரப்பட்டிருக்கிறது. அது தள்ளாடிய தள்ளாட்டம் ஒவ்வொன்றும் பனியில் பதிந்திருக்கிறது. நம் அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் துளைத்து எடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுக் கதை சொல்லும். செவ்வாயின் மலையும் ஏறத்தாழ அதே உயரம்தான். கதையோ பல மடங்கு நீளம். பூமியின் பனி தன் பாரத்தால் வழிந்து நகர்ந்து அடுக்குகளை மடித்துவிடும். செவ்வாயில் குளிர் கடுமையாக இருப்பதால் பனி கல்போல் இறுகி, அசையாமல் கிடக்கிறது. படிந்தது படிந்தபடி இருக்கிறது.

தூசியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். பனியின் மேல் கொஞ்சம் தூசி விழுந்தால் பனி கருக்கும், கருத்த பனி வெயிலை அதிகம் விழுங்கும், விரைவாகக் கரையும். ஆக, தூசி பனிக்குப் பகை. ஆனால் பனி கரையக் கரைய, அதற்குள் சிறைப்பட்டிருந்த தூசி வெளியேற வழியின்றி மேற்பரப்பிலேயே தேங்குகிறது. தேங்கித் தேங்கிச் சில சென்டிமீட்டர் சேர்ந்துவிட்டால் வெயிலின் சூடு அதைக் கடந்து கீழே இறங்காது. அப்போது அதே தூசி பனிக்குப் போர்வை. பகைவனாக வந்தவன் கூட்டம் சேர்ந்ததும் காவலனாகிவிடுகிறான். இமயத்தில் கல்லும் மண்ணும் மூடிய பனியாறுகளிலும் இந்த இரட்டை வேலை நடக்கிறது. செவ்வாயில் இதன் விளைவு என்னவென்றால், துருவத்துக்கு எவ்வளவு கடுமையான கோடை வந்தாலும் மலை முழுவதும் எளிதில் அழிந்துபோவதில்லை. தேய்வு தொடங்கியதும் அந்தத் தேய்வே தனக்குத் தடுப்பை உண்டாக்கிக்கொள்கிறது. அடுத்த வளர்காலம் வரும்போது புதுப் பனி அந்தப் போர்வையின் மேலேயே படியத் தொடங்குகிறது. கரிய கோடு ஒன்று நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது. ஒரு கரிய கோட்டைப் பார்க்கும்போது, பனி சேர்ந்த காலத்தை மட்டுமின்றி, சேர்ந்தது போய்விட்ட ஒரு காலத்தையும் பார்க்கிறோம்.

2006இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் ரிக்கனைசன்ஸ் ஆர்பிட்டரில் இத்தாலியர்கள் செய்துகொடுத்த ஷராட் என்ற ரேடார் இருக்கிறது. அதன் அலைகள் பனியை ஊடுருவி, ஒவ்வொரு தூசி அடுக்கிலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். அப்படிக் கிடைத்த குறுக்குவெட்டுப் படத்தில் இரண்டு செய்திகள் என்னை நிறுத்தின. மூன்று கிலோமீட்டர் பனியின் பாரம் அழுத்தியும் கீழே தரை நூறு மீட்டர்கூட வளையவில்லை; கோளின் மேலோடு அவ்வளவு தடித்து இறுகிப்போயிருக்கிறது. இரண்டாவது, மலையின் உச்சிப் பகுதியில் ஒரு தெளிவான பிரிகோடு. அதற்குக் கீழே தேய்ந்து வெட்டுண்ட அடுக்குகள்; மேலே புதிதாகச் சேர்ந்த பனி. கடைசிப் பனியுகம் முடிந்து ஏறத்தாழ 3,70,000 ஆண்டுகளாகச் சேர்ந்தது அது என்று 2016இல் ஐசக் ஸ்மித்தும் தோழர்களும் எழுதினார்கள். செவ்வாயின் பனியுகம் நம்முடையதற்கு நேர்மாறு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அங்கே பனியுகம் என்றால் துருவம் வெறுமையாகி, பனி நடுப்பகுதிகளுக்குப் பரவிய காலம்.

காற்றும் சும்மா இருக்கவில்லை. துருவ உச்சியில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கும்போது கோளின் சுழற்சியால் பக்கவாட்டில் திரும்புகிறது. அதன் வழியில் பனியில் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன, உச்சியிலிருந்து சுருள் சுருளாக. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் வடதுருவம் ஒரு மாக்கோலம் போலத் தெரிவது இதனால்தான். சூரியனை நோக்கிய சரிவில் பனி காற்றேறுகிறது. இறங்கு காற்று அதை ஏந்திப்போய் எதிர்ச் சரிவில் மறுபடி படியவைக்கிறது. ஆகப் பள்ளம் மெல்ல மெல்லத் துருவத்தை நோக்கி நகர்கிறது. ஆலன் ஹோவார்டு 1982இல் முன்வைத்த கருத்து. ரேடார் வந்து 2010இல் அதை மெய்ப்பித்தது. மலையைப் பிளந்துகொண்டு 500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் காஸ்மா போரியாலே என்ற பெரும்பள்ளத்தையும் அதே ஆண்டு ஆராய்ந்தார்கள். அது பின்னால் அரிக்கப்பட்டது என்றுதான் எண்ணியிருந்தார்கள். இரு புறமும் பனி வளர்ந்தபோது நடுவில் நிரம்பாமலே விடுபட்டுப்போன பழைய தாழ்வு அது என்று தெரிந்தது.

தென்துருவத்து மலை வேறு குணம். கனஅளவு இன்னும் பெரிது, சுமார் 16 லட்சம் கன கிலோமீட்டர். சில இடங்களில் 3.7 கிலோமீட்டர் தடிமன். அது முழுவதும் உருகினால் செவ்வாய் முழுவதற்கும் 11 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும். தூசியும் வடக்கைவிட அதிகம். மேற்பரப்பில் விழுந்த விண்கல் குழிகளை எண்ணிப் பார்த்தால் கோடிக்கணக்கான ஆண்டு மூப்பு. வடக்கு மலை அடிக்கடி இடிந்து கட்டப்பட, தெற்கு மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? தடித்த தூசிப் போர்வையும் அதற்கொரு காரணம். அதன் உச்சியில் எட்டு மீட்டர் அளவுக்கு ஆண்டு முழுவதும் நிற்கும் உலர்பனி உண்டு. அதில் வட்ட வட்டமாகக் குழிகள். அவை ஆண்டுக்குச் சில மீட்டர் அகலித்துக்கொண்டே போகின்றன. அதற்கும் கீழே, ஷராட் 2011இல் கண்டதுபோல, பெருமளவு உலர்பனி புதைந்து கிடக்கிறது. அது முழுவதும் எழுந்து வந்தால் செவ்வாயின் காற்று ஏறத்தாழ இரட்டிப்பாகும். இன்னொரு வானமே அங்கே தூங்குகிறது.

தெற்கின் வசந்தமும் தனி. குளிர்காலத்தில் படிந்த உலர்பனி அங்கே பல இடங்களில் கண்ணாடிப் பாளம்போல் தெளிவாக இருக்கும். வெயில் அதை ஊடுருவிக் கீழேயுள்ள கரிய மண்ணைச் சூடாக்கும். பனி அடியிலிருந்து வாயுவாகும்; வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும்; மெலிந்த இடத்தில் வெடித்துப் பீறிடும். ஹியூ கீஃபர் 2006இல் விளக்கிய இந்த ஊற்றுகள் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் தூசியை வாரி இறைத்து, பனியின் மேல் விசிறி விசிறியாகக் கரும்புள்ளி போடுகின்றன. வாயு ஓடிய தடங்கள் மண்ணில் சிலந்திக் கால்களாக நிற்கின்றன. வானத்திலிருந்து வந்த தூசி போதாதென்று, தரையும் தன் பங்குக்கு வானத்துக்குத் தூசி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இத்தனை நிதானத்துக்கு நடுவே திடீர்ச் செயல்களும் உண்டு. 2008 பிப்ரவரி 19 அன்று, வடக்கு மலையின் ஓரத்தில் 700 மீட்டர் உயரச் செங்குத்துச் சரிவு ஒன்றைப் பருவகால உறைபனி ஆய்வுக்காக விண்கலத்து கேமரா படமெடுத்தது. படத்தில் பனியும் தூசியும் சரிந்து விழுந்து புழுதி மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான ஆண்டு அசையாதிருந்த அடுக்குகள் உதிரும் அதே நொடியில் மேலே கேமரா திறந்திருந்தது. தற்செயல் என்று சொல்லலாம்; எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் வறண்டதாகப் படுகிறது.

ஃபீனிக்ஸும் அந்த ஆண்டேதான். நான்கு கிலோமீட்டர் உயர மேகங்களிலிருந்து நீர்ப்பனித் துகள்கள் இறங்குவதை அதன் லேசர்க் கருவி கண்டது. செவ்வாயில் பனி பொழிவதைத் தரையிலிருந்து அறிந்த முதல் கருவி. குளிர்காலம் வந்தது, கலம் அடங்கியது. அதன் மேல் உலர்பனி பாரமாக ஏறியதில் சூரியத் தகடு முறிந்திருக்கலாம் என்பது 2010இல் மேலிருந்து எடுத்த படத்தில் தெரிந்தது. 2017இல் மறுபடி படமெடுத்தபோது தூசி படிந்து, சுற்றியுள்ள மண்ணிலிருந்து அதைப் பிரித்தறிவதே கடினமாக இருந்தது.

வடக்கு மலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் இப்போது தெரியத் தொடங்கியிருக்கிறது. அடுக்குப் பனி முடிந்த பிறகு, ஷராட் அலைகள் மணலும் பனியும் மாறி மாறிப் படிந்த இன்னொரு கட்டுமானத்தில் போய் முட்டுகின்றன. 2019இல் ஸ்டெஃபானோ நெரோஸியும் ஜாக் ஹோல்ட்டும் அதை அலசியபோது, இன்றைய மலைக்கு முன்பே அங்கே பனிமலைகள் எழுந்து எழுந்து அழிந்திருக்கின்றன என்று கண்டார்கள். சாய்வு கூடிப் பனி கிளம்பிப் போன ஒவ்வொரு முறையும் காற்று மணலைக் கொண்டுவந்து மிச்சத்தின் மேல் கொட்டி வெயிலிலிருந்து மறைத்திருக்கிறது. அந்த மிச்சங்கள் எல்லாம் சேர்ந்து கரைந்தாலே செவ்வாய் முழுவதும் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் நீர் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. இன்றைய மலை அந்த மிச்சங்களின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.